எந்த செல்போன் சொல்வது சரி?
(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘அளவீட்டியல்’ பாடத்தை நாம் எல்லோரும் நடத்துகிறோம். ஒளிச்செறிவின் அலகு கேண்டிலா என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். ஒரு மாணவி என்னை அங்கேயே நிறுத்திவிட்டாள்.

எங்கள் வகுப்பறையின் கடைசி பெஞ்சு சுவரோரம் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே புத்தகம் படிப்பது கடினம். டியூப்லைட் கேட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு மனு எழுதலாம் என்று மாணவர்கள் முடிவு செய்தார்கள். “அளந்து எழுதுங்கள்” என்று என் செல்போனைக் கொடுத்தேன். அதில் ஒளியை லக்ஸ் அலகில் காட்டும் செயலி இருந்தது. கடைசி பெஞ்சில் 62 லக்ஸ் காட்டியது. அதே இடத்தில் தலைமையாசிரியரின் செல்போனை வைத்தால் 110!

“இரண்டுக்கும் சராசரி எடுத்து 86 என்று எழுதுங்கள்” என்றேன். அப்போதுதான் அவள் கேட்டாள்: “சார், ரெண்டும் தப்பா இருந்தா சராசரி மட்டும் எப்படி சார் சரியா இருக்கும்?”

என்னிடம் பதில் இல்லை. தவறான கருவிகளின் சராசரியும் தவறாகவே இருக்கலாம். தேவைப்பட்டது அளவுத்திருத்தம். அதை நாங்கள் நான்கு படிகளாகச் செய்தோம்.

முதல் படி, சுழியைப் பார்ப்பது. ஒளி உணரியைக் கறுப்புத் துணியால் முழுதும் மூடினால் 0 காட்ட வேண்டும். இரண்டு செல்போனும் காட்டின.

இரண்டாவது படி, ஒளி கூடக் குறைய, அளவும் அதே விகிதத்தில் மாறுகிறதா என்று பார்ப்பது. ஆய்வக அறையின் சன்னல்களை மூடிவிட்டு ஓர் எல்.இ.டி. பல்பை எரியவிட்டோம். பல்பின் அளவைப்போல் பல மடங்கு தள்ளி நின்றால், விழும் ஒளி தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையும். தொலைவு இரட்டிப்பானால் அளவு கால்பங்காக வேண்டும். என் செல்போனில் 1 மீட்டரில் 87 வந்தது. பல்புக்கும் போனுக்கும் நடுவே ஓர் அட்டையைப் பிடித்தபோதும் 3 காட்டியது. அது சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி. கழித்தால் 84. இப்படியே கழித்துப் பார்த்ததில் 50 சென்டிமீட்டரில் 335, 2 மீட்டரில் 21. ஏறத்தாழ நான்கு நான்கு மடங்கு.

மாணவர்கள் கைதட்டினார்கள். ஆனால் தலைமையாசிரியரின் செல்போனும் இதே விகிதத்தில்தான் மாறியது! இரண்டும் விதிக்கு உட்பட்டே நடந்தன. இரண்டும் வேறு வேறு எண்களைச் சொல்லின. நண்பர்களே, இந்த இடத்தை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். விகிதம் சரியாக இருப்பதாலேயே அளவு சரி என்று ஆகிவிடாது. ஒரு ஸ்கேலின் எல்லாக் கோடுகளும் சம இடைவெளியில் இருந்தாலும், அதன் சென்டிமீட்டர் உண்மையான சென்டிமீட்டராக இல்லாமல் போகலாம் அல்லவா?

எனவே மூன்றாவது படி, நம்பத்தகுந்த கருவியோடு ஒப்பிடுவது. அளவுத்திருத்தச் சான்று உள்ள ஒரு லக்ஸ்மீட்டரைக் கல்லூரி ஒன்றில் இரவல் வாங்கினோம். அந்தச் சான்றின் சங்கிலி புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போகிறது. அதற்கும் மேலே கேண்டிலாவின் வரையறை. 1979இல் ஏற்கப்பட்ட அந்த வரையறை, 540 லட்சம் கோடி ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட பச்சை ஒளியை அடிப்படையாகக் கொண்டது. நம் கண் பகலில் மிக நன்றாக உணரும் நிறம் ஏறத்தாழ அதுதான். பாடநூலில் ஒரு வரியாக இருந்த கேண்டிலா, அன்று எங்கள் மேசைக்கு வந்தது. லக்ஸ்மீட்டர் 1 மீட்டரில் 105 காட்டியது. 105ஐ 84ஆல் வகுத்தால் 1.25. என் செல்போனின் திருத்தக் காரணி கிடைத்துவிட்டது.

அத்தோடு முடிக்க இருந்தேன். ஆனால் வகுப்பறையில் விழுவது சன்னல் வெளிச்சம். நாங்கள் திருத்தியது எல்.இ.டி. ஒளியில். சிலிக்கான் உணரி நம் கண்ணைப்போல் பார்ப்பதில்லை. அகச்சிவப்பையும் அது உணரும். டி.வி. ரிமோட்டைப் பல செல்போன் கேமராக்களின் முன் பிடித்து அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் தெரியும். மாணவர்களுக்குக் காட்டுங்கள், மறக்கவே மாட்டார்கள். மேலும், பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளியைச் செல்போன் குறைத்தே காட்டுகிறது.

அதனால் நான்காவது படி, எங்கே அளக்கப் போகிறோமோ அங்கேயே ஒப்பிடுவது. பெஞ்சு பெஞ்சாக லக்ஸ்மீட்டரையும் செல்போனையும் அருகருகே வைத்து ஒரே நேரத்தில் அளந்தோம். சன்னல் ஒளியில் காரணி 1.25 அல்ல, 1.4 அளவில் வந்தது. பெஞ்சுக்குப் பெஞ்சு சற்று மாறவும் செய்தது.

மாணவர்கள் மனுவை மாற்றி எழுதினார்கள்: “மேகமூட்டமான பிற்பகலில் கடைசி பெஞ்சில் ஏறத்தாழ 85 லக்ஸ். இதில் 10 லக்ஸ் கூடவோ குறையவோ இருக்கலாம்.” எப்படி அளந்தார்கள் என்பதையும் இணைத்தார்கள். குழுக் கூட்டத்தில் ஒருவர் தன் செல்போனை எடுத்து, “இதில் வேறு எண் காட்டுகிறதே” என்றார். அந்த மாணவி தயங்காமல், “உங்க போனைத் திருத்திப் பார்த்துட்டீங்களா ஐயா?” என்று கேட்டாள். டியூப்லைட் வந்துவிட்டது.

நான் சொன்ன 86ம் அவர்கள் கண்ட 85ம் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படிச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். “அது குருட்டாம்போக்கு சார்” என்றாள். உண்மைதான். என் 86க்குப் பின்னால் ஒன்றுமில்லை. அவர்களின் 85க்குப் பின்னால் நான்கு நாள் உழைப்பு இருந்தது. எவ்வளவு பிழை இருக்கலாம் என்ற நேர்மையும் இருந்தது.

ஒரு மாணவர் அளந்த எண்ணோடு வரும்போது, “விடை சரியா?” என்று பார்ப்பதற்கு முன், “இந்தக் கருவியை எதோடு ஒப்பிட்டாய்?” என்று கேட்போம்.