சோம்பல் அல்ல, நோய்!

(ரிங்லெட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில், சங்க அங்கத்தினரான கிராணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் இங்கே பலமுறை பேசியிருக்கிறோம். இன்று நான் பேசப்போவது, கதவைச் சாத்திக்கொண்டு நாம் குசுகுசுவென்று பேசுகிற ஒரு விஷயம். மனச்சோர்வு நோய் என்பது அதன் பெயர்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். செக்ரோல் என் கையில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த தோட்டத்தில், கொழுந்து எடுப்பதில் முன்னணியில் நின்ற ஓர் அம்மாளின் நிறுவை நாளுக்கு நாள் குறைந்தது. தலைவலி என்பார், இடுப்பு வலி என்பார். பிறகு பெரட்டுக்கே வருவதில்லை. நானோ, 'வரவில்லை' என்று எழுதியதோடு நில்லாமல், "என்ன அக்கா, சோம்பல் வந்துவிட்டதா?" என்று நாலுபேர் முன்னிலையில் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். லயத்தில் காற்றுக் கறுப்பு என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஆஸ்பத்திரி என்ற பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. ஒருநாள் இரவு, "நான் இல்லாவிட்டால் உங்களுக்குப் பாரம் குறையும்" என்று மகளிடம் சொன்னார். அந்தப் பெண் பயந்துபோய், விடிந்ததும் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மாள் இன்று நலமாக இருக்கிறார். ஆனால் அவர் நோயை முதலில் கண்டிருக்க வேண்டியவன் நான். கணக்கில் கண்டேன், மனிதரிடத்தில் காணவில்லை.

தோழர்களே, கவலை எல்லாருக்கும் வரும். சாவு வீட்டில் அழாதவர் யார்? அது நோயல்ல. ஆனால் ஏறக்குறைய நாள் முழுவதும் மனம் இருண்டு கிடப்பது, முன்பு பிரியமாயிருந்த எதிலும் நாட்டமில்லாமற் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் எச்சரிக்கையாயிருங்கள். அதோடு தூக்கம் கெடும்; பசி குறையும் அல்லது மிகும்; உடம்பு சோரும்; கவனம் நிற்காது; 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் குடைந்துகொண்டே இருக்கும்; செத்துப்போகலாமா என்றுகூடத் தோன்றும். நம் மக்கள் மனத்தைச் சொல்லத் தெரியாமல் உடம்பைச் சொல்வார்கள். ஆண்களிடத்தில் அது கோபமாகவும் குடியாகவும் வெளிப்படும். குடித்தால் துக்கம் ஆறும் என்பது பொய். குடி இந்த நோயை வளர்க்கும்.

இது நாலுபேருக்கு வரும் அபூர்வ நோய் என்று எண்ணாதீர்கள். சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 2.3 பேருக்கு இந்நோய் காணப்பட்டது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் அது 4.6 ஆயிற்று, அதாவது பத்து லட்சம் பேர் அளவில்!

நமது மலைக்கே வருவோம். கேமரன் மலையில் நடந்த தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் டாக்டர் மணியம் ஆராய்ந்து, 1988-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் எழுதினார். இந்தியர்கள் தங்கள் ஜனத்தொகைக்கு மிஞ்சிய அளவில் அதில் இருந்தார்கள். விவசாய விஷ மருந்துகளே பெரிதும் காரணமாயிருந்தன. அந்த எண்ணம் பலருக்கு ஒரு நாழிகையில் வந்து ஒரு நாழிகையில் போவது. அந்த நேரத்தில் விஷம் கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். இலங்கையில் 1995-ஆம் ஆண்டில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை நிறுத்தினார்கள். பத்தாண்டில் தற்கொலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நம் நாட்டிலும் பாராகுவாட் களைக்கொல்லி 2020-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. மிச்சமுள்ள மருந்துகள் ஸ்டோரில் பூட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு போத்தல்கூட லயத்துக்கு வரலாகாது.

இதற்கு வைத்தியம் உண்டா? உண்டு. 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காசநோய்க்குக் கொடுத்த ஒரு புதிய மருந்தினால் நோயாளிகளின் மனமும் தெளிந்தது. அதிலிருந்துதான் மனச்சோர்வு மருந்துகளின் கதை தொடங்கியது. இன்று அதைவிட நல்ல மருந்துகள் இருக்கின்றன. இவை போதை மருந்துகள் அல்ல. ஆனால் காய்ச்சல் மாத்திரைபோல் ஒரே நாளில் கேட்கமாட்டா. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். தொடக்கத்தில் குமட்டல் வரலாம். குணமான பின்பும் ஆறு மாதமாவது டாக்டர் சொற்படி சாப்பிட வேண்டும், நாமாக நிறுத்தக்கூடாது. நோய் லேசாயிருந்தால், பயிற்சி பெற்றவரோடு முறையாகப் பேசும் வைத்தியமே போதுமாயிருக்கும். கோயிலுக்குப் போகிறவர் போகட்டும்; ஆனால் கிளினிக்கை விட்டுவிடவேண்டாம்.

அரசாங்க கிளினிக்கில் பிரஜைகளுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். அங்கிருந்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கும் நிபுணரிடத்துக்கும் அனுப்புவார்கள். டாக்டர் சீட்டுக் கொடுத்தால் அதுவும் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பே. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்துக்குத் தக்கவாறு ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் உண்டு. அதை மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள். உயிரை மாய்க்க முயன்றவரைத் தண்டித்த 309-வது பிரிவை 2023-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே போலீசுக்குப் பயந்து ஒருவரை வீட்டில் மறைத்து வைக்கவேண்டியதில்லை. அவசரமென்றால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்குப் பேசலாம்.

நாம் செய்யவேண்டியது என்ன? ஒருவர் ஒதுங்கினால் பக்கத்தில் போய் உட்காருங்கள். "சாக வேண்டுமென்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். கிளினிக்குக்குக் கூடவே போங்கள். வீட்டாரைக் கடல் கடந்து விட்டுவந்து நம்மோடு வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாளத் தோழர்களையும் மறவாதீர்கள். அவர்களுக்கு நம் பாஷைகூடத் துணையில்லை.

இப்போதெல்லாம் ஒரு பெயருக்கு நேரே மூன்று நாள் தொடர்ந்து 'வரவில்லை' என்று எழுத நேர்ந்தால், பேனாவை வைத்துவிட்டு அந்த வீட்டுக்கு ஒருநடை போய் வருகிறேன். மண்டோர்களும் அப்படிச் செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.