திரையில் ஓடிய கார்கள்



ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலியில் பேச வந்தால், ஒழுக்கத்தைப் பற்றியோ தேர்வைப் பற்றியோதான் பேசுவான் என்று நீங்கள் அஞ்சியிருக்கலாம். அஞ்ச வேண்டாம். ஒரு காரை மற்றொரு கார் துரத்திச் செல்லும் திரைப்படக் காட்சிகளைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். இளமை முதலே எனக்கு அக்காட்சிகளில் தீராத ஆசை உண்டு; அதை மறைப்பானேன்?

1982-ஆம் ஆண்டில் நான் சைதாப்பேட்டையில் ஆசிரியர்ப் பயிற்சி பெற்றுவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் 'புல்லிட்' என்னும் அமெரிக்கப் படத்தைக் கண்டேன். அது 1968-இல் வெளிவந்த படம். இயக்கியவர் பீட்டர் யேட்ஸ் என்ற ஆங்கிலேயர். துப்பறியும் அதிகாரியாக நடித்தவர் ஸ்டீவ் மக்குவீன். கதை நிகழும் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம் குன்றுகளின்மேல் அமைந்தது. அதன் தெருக்கள் சில, ஏணியைச் சாத்திவைத்தாற்போல் செங்குத்தானவை. குறுக்குத் தெரு வெட்டும் இடந்தோறும் சிறிது சமதளம் வரும். பச்சை நிற முஸ்டாங் கார், கறுப்பு நிற டாட்ஜ் சார்ஜர் காரைத் துரத்தி இறங்குகையில், ஒவ்வொரு சமதளத்திலும் வண்டி தரையை விட்டு எழும்பி, பிறகு அடிவயிறு அதிர விழுகிறது. பார்த்திருந்த எனக்கும் வயிறு அதிர்ந்தது!

அக்காட்சி ஏறத்தாழப் பதினொரு நிமிடம் நீடிக்கிறது. தொடக்கத்தில் லாலோ ஷிஃப்ரின் அமைத்த இசை மெல்ல ஒலிக்கிறது. வேகம் மிகும் கணத்தில் அவ்விசை சட்டென நின்றுவிடுகிறது. அதன்பின் இசையும் இல்லை, உரையாடலும் இல்லை. இயந்திரத்தின் உறுமலும் டயர்களின் கிறீச்சொலியுமே கதையைச் சொல்கின்றன. எங்கே நிறுத்துவது என்று அறிவதும் ஒரு கலை என்பதை அன்று உணர்ந்தேன்.

இனி, இதில் உள்ள நுட்பத்தைக் கூறுகிறேன். ஊமைப் படக் காலத்தில், மாக் ஸென்னட் தயாரித்த கீஸ்டோன் நகைச்சுவைப் படங்களில் போலீஸார் விழுந்தடித்து ஓடுவர். அக்கால வழக்கம் யாதெனில், காமிராவின் கைப்பிடியை மெதுவாகச் சுழற்றிப் படம் பிடித்து, திரையில் அதைவிட வேகமாக ஓட்டிக் காட்டுவது. நொடிக்கு 12 படங்களாக எடுத்ததை 24 படங்களாக ஓட்டினால், பத்து நொடியில் கடந்த தூரம் ஐந்து நொடியில் கடந்ததாகத் தோன்றும். 'புல்லிட்' படத்திலோ கார்கள் மெய்யாகவே மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓடின.

ஆயினும் அங்கும் ஒரு வித்தை உண்டு. ஒரே பச்சை நிற வோக்ஸ்வாகன் காரை அவர்கள் திரும்பத் திரும்பக் கடந்து செல்வதைக் கூர்ந்து நோக்கினால் காணலாம். ஒரே ஓட்டத்தைப் பல கோணங்களில் படம்பிடித்து, நெடுந்தொலைவு ஓடியதைப்போல் ஒட்டியிருக்கிறார்கள்! சார்ஜர் காருக்குச் சக்கரங்கள் நான்கே. கழன்று உருண்ட சக்கர மூடிகளோ அதனினும் அதிகம். இத்துண்டுகளைக் கோத்த பிராங்க் கெல்லர், அப்படத்தின் தொகுப்புக்காக ஆஸ்கார் பரிசு பெற்றார்.

ஆசிரியனான பிறகு, வேகம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் இக்கதையை வகுப்பில் கைகளை வீசி வருணிப்பேன். மாணவர்கள் வாய்திறந்து கேட்பர். ஓர் ஆண்டு, அவர்களுள் ஒருவன் தந்தையின் மோட்டார் சைக்கிளை எடுத்துச் சென்று, ஊர் எல்லையில் உள்ள வளைவில் வேகத்தைச் சோதித்தான். எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரரும் மாடுகளும் தப்பினர். மாணவனுக்குக் கால் முறிந்தது. ஓராண்டுப் படிப்பும் போயிற்று. மருத்துவமனையில் அவனைக் கண்டபோது அவன் என்னிடம் கூறியது இதுதான்: "படத்தில் எதிரே யாரும் வரவில்லையே, ஐயா!"

நான் பாதிக் கதையைத்தான் சொல்லியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. 'புல்லிட்' படத்தின் அக்காட்சியை எடுக்கத் தெருக்களை அடைத்து வைத்திருந்தார்கள். அபாயமான இறக்கங்களில் முஸ்டாங் காரை ஓட்டியவர் மக்குவீன் அல்லர். பட் ஈக்கின்ஸ் என்ற தேர்ந்த சாகச வீரர். மக்குவீன் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, டயர் புகையக் காரைப் பின்னுக்கு எடுத்ததும் படத்திலேயே இருக்கிறது. இவற்றை நான் சொல்லவில்லை.

எதிரே ஆட்கள் வந்த படமும் ஒன்று உண்டு. அதுதான் 1971-இல் வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கிய 'பிரெஞ்ச் கனெக்‌ஷன்'. நியூயார்க்கின் புரூக்லின் பகுதியில், தூண்களின்மேல் விரையும் ரயிலைக் கீழேயுள்ள தெருவில் ஒரு கார் துரத்துகிறது. அதன் ஒரு பகுதியை, போக்குவரத்தை நிறுத்தாமல், பொதுமக்களின் வண்டிகளுக்கு இடையே எடுத்தார்கள். ஃப்ரீட்கின் தாமே காருக்குள் அமர்ந்து காமிராவை இயக்கினார். அப்படம் அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்காரைப் பெற்றது. ஆனால், பிறர் உயிரைப் பணயம் வைத்தது தவறு என்றும், இனி அவ்வாறு செய்யமாட்டேன் என்றும் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகக் கூறினார். 2023-இல் மறைந்த அவ்வியக்குநரின் படத்தை விடவும், அந்த ஒப்புதலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அம்மாணவன் கால் தேறி, படித்து, இன்று குடும்பத்துடன் நலமாக இருக்கிறான். விபத்துக்குப் பின்னும் நான் வகுப்பில் 'புல்லிட்' கதையைச் சொல்வதை நிறுத்தவில்லை. அடைத்த தெருக்களையும், சாகச வீரரையும், தவறிய திருப்பத்தையும் சேர்த்தே சொன்னேன். மாணவர்கள் முன்போலவே வாய்திறந்து கேட்டார்கள். சுவை ஒரு துளியும் குறையவில்லை.

நீங்களும் அப்படங்களைப் பாருங்கள். மனம் நிறைய மகிழுங்கள். பார்த்து முடித்து வெளியே வந்ததும் உங்கள் முன் கிடக்கும் சாலை, யாரும் அடைத்து வைக்காத சாலை என்பதை மட்டும் மறவாதீர்கள்.