குற்றவியல் கற்க விரும்பும் மாணவருக்கு

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கின்றது. அதனால் சட்டம், காவல், வழக்கு என்னும் சொற்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் காதில் நாள்தோறும் விழுகின்றன. மேல்நிலை வகுப்பில் பயிலும் மாணவர் சிலர், “ஐயா, குற்றவியல் படிக்கலாமா?” என்று என்னிடம் கேட்பதுண்டு. அவ்வினாவுக்கு விடையாகவே இன்று சில சொல்ல விழைகின்றேன்.

முதற்கண், குற்றவியல் என்பது துப்பறியும் கதையன்று. இரத்தக் கறையையும் கைரேகையையும் ஆராய்வது தடயவியல். எச்செயலுக்கு எத்தண்டனை என வரையறுப்பது சட்டம். மனிதன் ஏன் குற்றம் புரிகின்றான், சமுதாயம் அவனை எவ்வாறு நடத்துகின்றது, குற்றம் நிகழாமல் தடுப்பது எங்ஙனம், குற்றத்தால் துன்புற்றோர்க்குச் செய்ய வேண்டுவது யாது என்று வினவுவதே குற்றவியல்.

இவ்வினாக்களுக்குப் பிழையான விடை கண்டால் விளையும் கேட்டிற்கு நம் நாட்டு வரலாறே சான்று. இத்தாலி நாட்டு மருத்துவர் லொம்புரோசோ 1876-இல் ஒரு நூல் வெளியிட்டார். சிலர் பிறவியிலேயே குற்றவாளிகள். மண்டையோட்டையும் முக அமைப்பையும் கொண்டே அவர்களை அறியலாம் என்பது அவர் கொள்கை. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1871-இல், ஆங்கில அரசு இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றிவிட்டது. ஒரு சாதியில் பிறந்ததே குற்றம் என்றாயிற்று. 1911-இல் அச்சட்டம் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றனர். யாதொரு குற்றமும் புரியாதவரும் கைரேகை வைக்க வேண்டும். இரவில் காவலர்முன் வந்து நிற்க வேண்டும். இதனை எதிர்த்த உசிலம்பட்டிப் பகுதிப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் மாண்டனர்.

இதில் வியப்பு யாதெனில், அக்கொள்கையின் பொய்ம்மை இங்கிலாந்திலேயே வெளியாகியிருந்தது. சார்லஸ் கோரிங் என்னும் சிறை மருத்துவர் மூவாயிரத்திற்கு மேற்பட்ட கைதிகளை அளந்து, பிற மக்களோடு ஒப்பிட்டார். தனித்ததொரு குற்றவாளி உடலமைப்பு இல்லை என்று 1913-இல் அவர் எழுதினார். ஆயினும் சென்னை மாகாணத்தில் ரேகைச் சட்டம் நீங்க 1947 வரையும், நாடு முழுவதும் நீங்க 1952 வரையும் காத்திருக்க நேர்ந்தது. சட்டம் நீங்கிற்று, “அவர்கள் அப்படித்தான்” என்னும் பேச்சு நீங்கிவிட்டதா? உங்கள் தெருவில் நீங்களே செவிமடுத்துப் பாருங்கள்.

ஆகவே இத்துறைக்கு வருவோர்க்கு வேண்டிய முதற் கருவி கணக்கறிவு. ஓர் எடுத்துக்காட்டு. சாதாரண நாளில் கிரிவலப் பாதையில் பதினாயிரம் பேர் நடக்க, இரண்டு திருட்டுகள் பதிவாயின என்று வைத்துக்கொள்வோம். கார்த்திகைத் தீபத்தன்று பத்து இலட்சம் பேர் கூட, ஐம்பது திருட்டுகள் பதிவாயின என்போம். “திருட்டு இருபத்தைந்து மடங்கு பெருகிற்று!” என்று அலறுவார் உளர். வகுத்துப் பாருங்கள். பதினாயிரம் பேருக்கு இரண்டாக இருந்தது அரையாகக் குறைந்துள்ளது. இன்னொன்றும் கேளுங்கள்: பதிவானவை ஐம்பது, பதிவாகாதவை எத்தனை? நகையை இழந்தும் காவல் நிலையம் செல்ல அஞ்சிய மூதாட்டி இக்கணக்கில் இல்லை. 1986-இல் தோன்றிய தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணைகளையும் இவ்விழிப்போடே படித்தல் வேண்டும்.

மேல்நிலைப் பள்ளிகளில் குற்றவியல் தனிப் பாடமாக இல்லையே என்று வருந்தற்க. புள்ளியியல், வரலாறு, அரசியல் அறிவியல், உயிரியல் ஆகிய எதனைப் பயின்றாலும் அஃது இத்துறைக்கு அடிப்படையாகும். நம் நாட்டில் 1959-இல் சாகர் பல்கலைக்கழகத்திலும், 1965-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இக்கல்வி தொடங்கிற்று. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் துறை உண்டு. பட்டம் பெற்றோர் சிறைச் சீர்திருத்தம், சிறார் நலம், ஆராய்ச்சி எனப் பல வழிகளில் செல்லலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளமையால், புதிய சட்டத்தையும் அவர்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

மாணவர்களே, குற்றத்தை வெறுத்தல் எளிது. அதன் காரணத்தைப் பொறுமையோடு தேடுதல் அரிது. தேடுவோன் தவறினால் துன்புறுவது அவனல்லன். பெயரும் அறியாத ஒரு குடும்பம். அந்த அச்சத்தை உள்ளத்தில் கொண்டு கற்பவர் எவரோ, அவரே இக்கல்விக்கு உரியவர். அத்தகையோர் நம் ஊர்ப் பள்ளிகளிலிருந்தும் வருக!