கடலாடச் செல்லுமுன்



கடலில்லாத ஊரில் வாழ்வோர்க்கே கடலின்மேல் ஆசை மிகுதி. குன்றின் உச்சியில் முருகன் கோயிலும், குன்றின் அடியில் ஊருமாக விளங்கும் திருத்தணிகை அத்தகையதோர் இடம். அங்கிருந்து சென்னைக் கடற்கரை ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றது. காலையில் புகைவண்டி ஏறினால் நண்பகலுக்கு முன்பே அலைகளின் ஓசையைக் கேட்டுவிடலாம். ஆகவே விடுமுறை வந்ததும் பள்ளியிலும் கல்லூரியிலும் எழுகின்ற முதற்பேச்சு, "இவ்வாண்டு எந்தக் கடற்கரைக்குச் செல்லலாம்?" என்பதே.

இக்கேள்விக்கு நாம் பெரும்பாலும் கண்ணைக் கொண்டே விடை காண்கின்றோம். எங்கே மணல் வெண்மையாக இருக்கின்றது, எங்கே படம் எடுத்தால் அழகாக அமையும், சென்ற ஆண்டு நண்பர்கள் எங்கே சென்றனர் என்று கேட்கின்றோம். இவை கேட்கத் தகாத கேள்விகள் அல்ல. ஆயினும் இவற்றுக்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் செல்லும் நாளில், நாம் இறங்கும் இடத்தில், கடல் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதே அது. கடற்கரையைத் தேர்ந்தெடுத்தல் என்பது அழகிய இடத்தைத் தேர்ந்தெடுத்தல் மட்டும் அன்று. கடலின் இயல்பை அறிந்து நம் நோக்கத்துக்குப் பொருந்தியதைத் தேர்ந்தெடுத்தல் ஆகும்.

நோக்கம் என்றேன். கடற்கரைக்குச் செல்வோர் மூவகையினர். கடலைக் காணச் செல்வோர் ஒரு வகையினர். கடலில் நீராடச் செல்வோர் மற்றொரு வகையினர். கடலையும் கரையையும் கற்கச் செல்வோர் மூன்றாம் வகையினர். ஒரே கடற்கரை இம்மூவர்க்கும் ஒருங்கே பொருந்துவது அரிது. காண்பதற்கென்று சென்ற இடத்தில் நீராட முற்படுவதே பல துன்பங்களுக்குக் காரணமாகின்றது.

"எனக்கு நீந்தத் தெரியுமே" என்று உங்களுள் சிலர் கூறலாம். குளத்திலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவர்கள் நீங்கள். ஆனால் குளத்து நீர் நிற்கும் நீர். கடல் நீர் நடக்கும் நீர். அலைகள் கரையை நோக்கி நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தள்ளப்பட்ட நீர் எங்கேனும் ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும் அன்றோ? கரைக்கு அருகே நீரின் அடியில் மணல்மேடுகள் இருக்கும். அம்மேடுகளுக்கு இடையே பள்ளமான வாய்க்கால் ஒன்று அமைந்துவிட்டால், திரண்ட நீர் முழுவதும் அதன் வழியே கடலை நோக்கி விரைந்து ஓடும். இதுவே இழுப்பு நீரோட்டம். சில வேளைகளில் இதன் விரைவு விநாடிக்கு 2 மீட்டரையும் விஞ்சும். உலகின் தலைசிறந்த நீச்சல் வீரரும் 100 மீட்டர் தொலைவைக் கடக்க 46 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றார். ஆகவே அந்த ஓட்டத்தை எதிர்த்து நீந்தி வெல்வது எவர்க்கும் இயலாத செயல்.

இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. வாய்க்கால் ஆழமாக இருப்பதால் அங்கே அலைகள் உடைவதில்லை. இருபுறமும் நுரை பொங்க, நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாகவும் சற்றுக் கருமையாகவும் தோன்றும். அறியாதவர், "இதுதான் இறங்குவதற்கு ஏற்ற இடம்" என்று எண்ணி அங்கேயே இறங்குவர். ஆபத்து அமைதியின் வடிவில் நிற்கும் இடம் அது.

இனி, நம் கடற்கரைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். முதலில் சென்னை மெரினா. அவ்வளவு அகன்ற மணற்பரப்பு அங்கே எப்போதும் இருந்ததன்று. 1876ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கிற்று. 1881ஆம் ஆண்டுப் புயலில் அது சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கின்றது. துறைமுகத்தின் சுவர்கள் அதனைத் தடுத்து நிறுத்தின. தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினா விரிந்தது. மணல் வாராத வடக்கே இராயபுரக் கரையைக் கடல் அரித்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884ஆம் ஆண்டில் அமைத்த உலாச்சாலையே மெரினாவுக்குப் பெயரும் புகழும் தந்தது. உலாவுவதற்கென்று தோன்றிய கரை அது. கரையை ஒட்டியே ஆழமும் இழுப்பும் உடையதாதலின் நீராடுவதற்கு உரியதன்று. காற்று வாங்குங்கள்; மணலில் விளையாடுங்கள்; கட்டடக் கலையையும் வரலாற்றையும் கண்டு மகிழுங்கள். நீரில் இறங்க வேண்டா.

சற்றுத் தெற்கே பெசன்ட் நகரில் எலியட்சு கடற்கரை உளது. அங்கே மணலில் வெண்மையான வளைவு ஒன்று நிற்கின்றது. பலர் அதன் நிழலில் அமர்ந்து பேசிச் செல்வர். அது யாருடைய நினைவு என்று அறிந்தோர் சிலரே. கார்ல் சுமிட் என்னும் டென்மார்க்கு நாட்டு மாலுமி, கடலில் தத்தளித்தோரைக் காப்பாற்றும் முயற்சியில் 1930ஆம் ஆண்டு டிசம்பர் திங்கள் 30ஆம் நாள் தம் உயிரை ஈந்தார். அந்த ஈகைக்கு எழுப்பிய நினைவுச் சின்னமே அது. கடலைத் தொழிலாகக் கொண்ட மாலுமி ஒருவரையே அவ்வலைகள் கொண்டு சென்றன என்பதை அங்கே செல்லும் இளைஞர் எண்ணிப் பார்த்தல் நன்று.

நீராடுவதே நோக்கமாயின் எங்கே செல்வது? சென்னைக்குத் தெற்கே செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள கோவளத்தைக் குறிப்பிடலாம். கேரளத்துக் கோவளம் வேறு, இது வேறு. இக்கடற்கரை 2021ஆம் ஆண்டில் நீலக்கொடிச் சான்று பெற்றது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அமைப்பு ஒன்று இச்சான்றினை வழங்குகின்றது. நீரின் தூய்மை, உயிர்காப்போர் இருத்தல், முதலுதவி வசதி முதலிய 33 நெறிகளை நிறைவு செய்த கரைக்கே நீலக்கொடி கிடைக்கும். ஒரு செய்தியை மட்டும் நினைவில் வையுங்கள். இச்சான்று ஒருமுறை பெற்றால் என்றும் நிலைப்பதன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். ஆதலின் நீங்கள் செல்லும் ஆண்டில் கொடி பறக்கின்றதா என்று கேட்டறியுங்கள். கொடி பறந்தாலும், நீராட வரையறுத்த எல்லைக்குள் மட்டுமே இறங்குங்கள்.

கற்கச் செல்வோர்க்கு மாமல்லபுரமும் பழவேற்காடும் நல்லாசிரியர்கள். எட்டாம் நூற்றாண்டின் பல்லவச் சிற்பிகள் எழுப்பிய கடற்கரைக் கோயிலைக் கடல் அரிக்காதவாறு கருங்கற்களைக் குவித்துக் காத்து வருகின்றனர். கற்களின் இடையே அலை மோதிச் சுழலும் இடத்தில் கால் வைப்பது தகாது.

பழவேற்காடோ, திருத்தணிகை அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றது. மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மலைக்கோயில். கிழக்கு எல்லையில் கடல். ஆந்திர நாட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான அந்த ஏரி, இந்திய உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்த பெருமை உடையது. டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் கட்டிய கெல்டிரியாக் கோட்டையின் எச்சத்தையும், பூநாரை முதலிய பறவைகளையும் அங்கே காணலாம். ஆனால் ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரம் கொடியது. 2011ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில் உல்லாசப் பயணம் சென்றோர் படகு ஒன்று அங்கே கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். படகில் அளவுக்கு மிஞ்சி ஏறியிருந்தனர். ஆற்றின் வாயிலிலும் ஏரியின் வாயிலிலும் நீரோட்டம் எந்நேரமும் மாறும். அவ்விடங்களில் நீராடுவதும், காப்புச் சட்டையின்றிப் படகேறுவதும் கூடா.

தேர்ந்தெடுக்கும் இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. கடற்கரை விடுமுறைக்கு உலகப் புகழ் பெற்ற மெக்சிகோ நாட்டை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டுக்கு இருபுறமும் கடல். மேற்கே பசிபிக் பெருங்கடலின் அலைகள் தடையின்றி வந்து மோதுகின்றன. அக்கரையில் உள்ள சிப்போலிட்டே என்னும் இடத்தின் பெயருக்கு 'மரித்தோர் கடற்கரை' என்று மக்கள் பொருள் கூறுவர். இழுப்பு நீரோட்டமே அப்பெயர்க்குக் காரணம் என்பர். கிழக்கே கான்கூன் நகரம் அமைந்த கரீபியக் கடலிலோ, கரையை ஒட்டி நெடுந்தொலைவு செல்லும் பவளப்பாறைத் தொடர் பல இடங்களில் அலைகளின் வலிமையைக் குறைக்கின்றது. அங்கும் குறை இல்லாமல் இல்லை. அண்மைக் காலத்தில் சர்காசம் என்னும் கடற்பாசி சில திங்களில் கரையெங்கும் குவிந்து நாற்றம் வீசுகின்றது. ஆகவே அந்நாட்டுக்குச் செல்வோர் எந்தக் கரை, எந்தத் திங்கள் என்று இரண்டையும் சேர்த்தே கேட்கின்றனர். கரையில் பறக்கும் கொடியையும் பார்க்கின்றனர். பச்சைக் கொடி பறந்தால் இறங்கலாம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து, கறுப்புப் பறந்தால் எவரும் இறங்கலாகாது.

இருவேறு கடல்களை உடைய நாடு மெக்சிகோ என்று வியக்க வேண்டா. நம் இராமேசுவரத் தீவுக்கும் இருபுறமும் இருவேறு கடல்கள் உள்ளன. வடக்கே ஆழங்குறைந்த பாக்கு நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியானதைப் பெண்கடல் என்றும் கொந்தளிப்பதை ஆண்கடல் என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். அக்கினி தீர்த்தத்தில் முதியோரும் குழந்தைகளும் நீராடுவதைக் காண்கின்றோம். 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுசுகோடியைக் கடந்து, இரு கடல்களும் கூடும் அரிச்சல்முனைக்குச் சென்றால், அங்கே நின்று காணலாமேயன்றி நீரில் இறங்கலாகாது. ஒரே தீவில், சில கல் தொலைவில், நீராடத்தக்க கடலும் தகாத கடலும் இருக்கின்றன.

இடத்தைப் போலவே காலமும் முக்கியமானது. திருத்தணிகை மலையின் 365 படிகளும் ஓராண்டின் 365 நாள்களைக் குறிப்பன என்பர். கடலுக்கும் 365 நாளில் பல முகங்கள் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் முடிய வடகிழக்குப் பருவக்காற்று வீசும். வங்கக் கடலில் புயல்கள் தோன்றும். பாக்கு நீரிணையும் அப்போது பெண்கடலாக இராது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை குமரிமுனையை ஒட்டிய கடல் சீறும்.

காற்றே இல்லாத நாளிலும் கடல் சீறுவதுண்டு. தென் இந்தியப் பெருங்கடலில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த புயலின் அலைகள் சில நாள் கழித்து நம் கரையை வந்தடையும். வானம் தெளிவாக இருக்கும். திடீரெனக் கடல் பொங்கும். கள்வனைப் போல் வருவதால் கேரள மீனவர் இதனைக் 'கள்ளக்கடல்' என்றனர். அறிவியலாரும் அப்பெயரையே ஏற்றுக்கொண்டனர். 2024ஆம் ஆண்டு மே திங்கள் 6ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரை இத்தகைய அலைகள் கொண்டு சென்றன. பிறர் உயிரைக் காக்கக் கற்றுக்கொண்டிருந்த ஐவர்! ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்னரே எச்சரிக்கை விடுத்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, அது உரியவரைச் சென்று சேர்ந்து, அவர்தம் காலைத் தடுத்து நிறுத்தவில்லை. இதுவே நாம் கற்க வேண்டிய பாடம்.

ஆகவே சுற்றுலாவுக்குப் பொறுப்பேற்கும் மாணவர் தலைவர் செய்ய வேண்டுவன சில உள. புறப்படும் முதல்நாளும், புறப்படும் காலையிலும் அந்த மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். கரையை அடைந்ததும், வலை உலர்த்தும் மீனவர் ஒருவரை அணுகி, "ஐயா, இன்று நீரோட்டம் எப்படி? எங்கே இறங்கலாம்?" என்று கேளுங்கள். தலைமுறை தலைமுறையாக அக்கடலைப் படித்தவர் அவர். "இன்று வேண்டாம், தம்பி" என்று அவர் கூறினால், அதற்கு மறுபேச்சு இருத்தலாகாது. உயிர்காப்போர் இல்லாத இடத்தில் இடுப்பளவு நீருக்கும் செல்லாதீர்கள்.

இழுப்பில் அகப்பட நேர்ந்தால் கரையை நோக்கிப் போராட வேண்டா. மிதந்து மூச்சைக் காத்துக்கொள்ளுங்கள். கையை உயர்த்தி உதவி கேளுங்கள். இயன்றால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தினின்றும் விலகிப் பின் கரை சேருங்கள். நண்பன் தத்தளிப்பதைக் கண்டு, உடனே பாய்வதும் பேராபத்து. ஒருவரைக் காக்கப் பாய்ந்து இருவராகவும் மூவராகவும் மடிந்த நிகழ்ச்சிகள் பல. கயிற்றை வீசுங்கள், மூடிய வெற்றுக் குடத்தையோ பந்தையோ எறியுங்கள், உயிர்காப்போரையும் மீனவரையும் கூவி அழையுங்கள், 112 என்னும் எண்ணுக்குச் செய்தி சொல்லுங்கள்.

சூரனோடு பொருத முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் தணிகை என்பது புராணம். அப்போர் நிகழ்ந்ததாகக் கூறப்படும் திருச்செந்தூரோ, அறுபடை வீடுகளுள் கடலை ஒட்டி அமைந்த ஒரே வீடு. கடலுக்கும் சினமும் தணிவும் உண்டு. அது சினந்திருக்கும் பொழுது கரையில் நின்று காண்பதும், தணிந்திருக்கும் பொழுது இறங்கி ஆடுவதும் அறிவுடையார் செயல். ஒரு நாள் நீராடாமல் திரும்பினால் இழப்பு ஏதும் இல்லை. கடல் அங்கேயே இருக்கும். இன்னொரு நாள் சென்று ஆடலாம்.