சுவரில் ஒட்டிய தாளும், நம் கையில் இருக்கும் போனும்

ஜூன் 16, ஜம்புத்தீவுப் பிரகடன நாள். திருவரங்கத்தில் நமது கட்சியின் மாவட்டக் குழு நடத்திய நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காக இங்கே பதிவிடுகிறோம். முழுசாப் படிங்க, பகிருங்க.

 

ஒரு நாட்டின் மேல் படை வருதுன்னு செய்தி வந்தால் நாம முதல்ல என்ன கேட்கிறோம்? எத்தனை பீரங்கி, எத்தனை விமானம், எந்த ஊர் விழுந்தது? இதெல்லாம் கேட்க வேண்டியதுதான். ஆனா அந்த முதல் சில வாரங்களில் கேட்டாக வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கு. பக்கத்து நாட்டுக்காரன் என்ன சொல்றான்? ஊர் மக்கள் என்ன பேசுறாங்க? படையெடுத்து வர்றவன் பீரங்கியை மட்டும் நம்பி வர்றதில்லை. யாரும் நம்மளை எதுவும் கேட்க மாட்டாங்க என்கிற தைரியத்திலும்தான் வர்றான்.

அந்த தைரியத்தை உடைக்கத்தான் நம்ம ஊர்ச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. 1801 ஜூன் 16. ஒட்டப்பட்ட இடம் இரண்டு. ஒன்று, திருச்சி கோட்டைக்குள்ளே நவாப் அரண்மனை வாசல். இன்னொன்று, இதோ இந்தத் திருவரங்கம் பெரிய கோயில் மதில். அறிவித்தவர் சின்ன மருது.

அப்போ நிலைமை என்ன? 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டாச்சு. அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடியும் எழுப்பினார். மே 24 அன்று அந்தக் கோட்டையும் விழுந்தது. ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்கு வந்தார், மருது சகோதரர்கள் அடைக்கலம் கொடுத்தாங்க. கம்பெனிப் படை கர்னல் அக்னியூ தலைமையில் சிவகங்கை மேல் திரும்பியது. கோட்டை விழுந்த 23-ஆவது நாள் இந்தத் தாள் நம்ம ஊர்ச் சுவருக்கு வருது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும் தோழர்களே. சிவகங்கை மேல் படையெடுப்பு அப்போதான் முதல் தடவை இல்லை. 1772 ஜூன் 25 அன்று கம்பெனியும் நவாபும் சேர்ந்து தாக்கினப்போ காளையார்கோவிலில் மன்னர் முத்துவடுகநாதர் இறந்தார். ராணி வேலுநாச்சியார் விருப்பாச்சியில் கோபால நாயக்கரிடம் தஞ்சம் புகுந்தார். மைசூரில் ஹைதர் அலி இருந்தார். உதவி கேட்டாங்க, கிடைச்சது. 1780-இல் சீமையை மீட்டாங்க. இன்றைய பாஷையில் சொன்னா, அது சர்வதேச ஆதரவு.

1801-இல் அந்த வாசல் மூடியாச்சு. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்துட்டார். வடக்கே கம்பெனியை எதிர்த்து நின்ற தூந்தாஜி வாக் 1800 செப்டம்பரில் கொல்லப்பட்டார். பக்கத்திலே புதுக்கோட்டைத் தொண்டைமான் கம்பெனி பக்கம், எட்டயபுரமும் கம்பெனி பக்கம். ஆற்காட்டு நவாப் பேருக்குத்தான் நவாப். உதவிக்கு வர ஒரு பெரிய அரசும் இல்லை.

அரசுகள் எல்லாம் கைவிட்ட பிறகு யார்கிட்ட போவீங்க? மக்கள்கிட்டதான் போகணும். சின்ன மருது அதைத்தான் செய்தார்.

இடத்தையும் பாருங்க. திருச்சி அப்போ கம்பெனியின் பெரிய படை முகாம். எதிரியின் முகாமுக்குள்ளேயே, நவாப் வாசலிலேயே ஒட்டணும்னா எவ்வளவு நெஞ்சுரம் வேணும்? திருவரங்கம் நாலு திசையிலிருந்தும் ஜனங்க வந்து போகிற ஊர். இங்கே ஒருத்தர் படிச்சால் அந்தச் செய்தி அவர் ஊர் வரைக்கும் நடந்தே போகும்.

அந்தத் தாள் யாரைப் பார்த்துப் பேசியது? எல்லாச் சாதியாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டது. முஸ்லிம்களையும் கூப்பிட்டது. கம்பெனிப் படையில் சம்பளத்துக்கு நிற்கிற நம்ம ஊர் சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய்களையும் கூப்பிட்டது. உங்க ராஜ்ஜியம் உங்க கையை விட்டுப் போகுது, அது நவாபோட சண்டை, பாளையக்காரனோட சண்டைன்னு ஒதுங்கி நிற்காதீங்க என்பதுதான் அதன் சாரம். ஒரு சீமைக்கு வந்த ஆபத்தை ஜம்புத்தீவுக்கே வந்த ஆபத்தாகச் சொல்லியது. இன்னைக்கு மருதிருவரை ஒரு சாதிக்குள்ளே அடைச்சு வைக்கப் பார்க்கிறவங்க அந்தத் தாளை ஒரு தடவை படிக்கட்டும்.

அதில் இன்னொரு விஷயமும் இருக்கு. படிச்சவங்க அதே மாதிரி எழுதி மற்றவங்களுக்கும் பரப்பணும்னு அது கேட்டுக்கொண்டது. பரப்பாதவங்களுக்குச் சாபமே போட்டது! வாட்ஸ்அப்பில் வருமே, பத்துப் பேருக்கு அனுப்புன்னு? 220 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஊரில் அது நடந்திருக்கு. (சிரிப்பு)

ஒளிக்காமல் ஒன்றையும் சொல்லிடறேன். அதில் கடுஞ்சொல் உண்டு. வெள்ளையரைக் கண்ட இடத்தில் கொல்லச் சொல்கிற ஆவேசமும் உண்டு. அதை நாம இன்னைக்கு எடுத்துக்க வேண்டியதில்லை. எடுத்துக்க வேண்டியது, படையெடுப்பு விஷயத்தில் சாமானியனின் கருத்துக்கும் எடை உண்டு என்று அவங்க நம்பின அந்த நம்பிக்கையை.

கம்பெனிக்கு அந்த எடை நல்லாத் தெரியும். அந்தத் தாளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஆவணத்தில் வைத்தார்கள். வெத்துக் காகிதம்னு நினைச்சிருந்தா அதைச் செய்வாங்களா? காளையார்கோவிலை நோக்கி ஒரு மாதம் காட்டை வெட்டி வழி போட்டுப் பார்த்து முடியாமல் கைவிட்டாங்க. அப்புறம் என்ன செய்தாங்க? மக்கள் கருத்து மேலேயே கை வைச்சாங்க. அரச குடும்பத்து வாரிசு என்று படமாத்தூர் கௌரி வல்லபரைக் கொண்டு வந்து, 1801 செப்டம்பரில் சோழபுரத்தில் பட்டம் கட்டினாங்க. ஒன்றா நின்ற மக்களுக்குள்ளே பிளவு வந்தது. அக்டோபர் 1 அன்று காளையார்கோவில் விழுந்தது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருதிருவரையும் தூக்கிலிட்டாங்க. சின்ன மருதுவின் சின்ன மகன் துரைசாமி உள்பட பலர் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டாங்க.

தோற்றுத்தானே போனாங்கன்னு சில தம்பிகள் கேட்பாங்க. ஆமாம் தம்பி, களத்தில் தோற்றாங்க. மக்களின் கருத்து பீரங்கியைத் தடுத்திடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா கருத்து மாறினால் அரசு மாறும். அதற்கு நம்ம காலத்திலேயே சாட்சி இருக்கு.

2022 பிப்ரவரி 24. ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. மறுநாள் ராத்திரி உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி கீவ் நகரத் தெருவில் நின்று, நாங்க இங்கேதான் இருக்கோம்னு செல்போனில் பேசி வெளியிட்டார். அதுவும் சுவரில் ஒட்டிய தாள்தான். ஜனவரியில் 5,000 ஹெல்மெட் மட்டும் தர்றோம்னு சொன்ன ஜெர்மனி, பிப்ரவரி 26 அன்று ஆயுதம் தர முடிவு செய்தது. மறுநாள் பெர்லினில் ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள் திரண்டாங்க. ரஷ்யாவுக்குள்ளேயே போர் வேண்டாம்னு தெருவுக்கு வந்து ஆயிரக்கணக்கானவங்க கைதானாங்க. அவங்களையும் மறக்கக் கூடாது.

மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பு. ரஷ்யா வெளியேறணும்னு 141 நாடுகள். எதிர்த்து 5. வாக்களிக்காமல் விலகியவை 35. அந்த 35-இல் இந்தியாவும் ஒன்று.

விலகியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம்ம ராணுவ ஆயுதங்களில் பெரும்பகுதி ரஷ்ய ஆயுதம். 1971-இல் வங்கதேசப் போரின்போது நமக்காக வீட்டோ போட்டது சோவியத். அந்த நாளில் நம்ம பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உக்ரைனில் மாட்டியிருந்தாங்க. மார்ச் 1 அன்று கார்கிவில் கர்நாடக மாணவர் நவீன் குண்டு வீச்சில் இறந்தார். பிள்ளைகளை மீட்பதுதான் முதல் வேலை, சந்தேகமே இல்லை. ஆனா பிள்ளைகள் வீடு வந்து சேர்ந்த பிறகும் வாய் திறக்காமல் இருந்தால் அதுக்கு என்ன பேர்?

இது புதுசும் இல்லை. நம்ம திருவெறும்பூர் பெல் தொழிற்சாலை 1960-களில் செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு வந்தது. இந்த ஊரில் எத்தனை குடும்பத்துக்கு அது சோறு போட்டது! 1968 ஆகஸ்டில் அதே செக்கோஸ்லோவாகியா மேல் சோவியத் படை ஏறினப்போ, பாதுகாப்பு மன்றத்தில் இந்தியா வாக்களிக்காமல் விலகியது. அதை ஏற்க முடியாமல் மத்திய அமைச்சர் அசோக் மேத்தா பதவியையே தூக்கிப் போட்டார். நமக்கு உலை கட்டிக் கொடுத்தவனுக்காக ஒரு வாக்கு போட நம்மால் முடியலை.

உலகம் பேசாமல் இருந்தா எப்படி வலிக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2009 மே 27. முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள்கூட ஆகலை. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில், இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானத்தை 29 வாக்குகளில் நிறைவேற்றியது. இந்தியா அதை ஆதரித்து வாக்களித்தது. 2012 மார்ச்சில் அதே கவுன்சிலில் இலங்கையைப் பொறுப்புக் கேட்கும் தீர்மானத்தை அதே இந்தியா ஆதரித்தது. இடையில் என்ன நடந்தது? தமிழ்நாடு பேசியது. கட்சி பேதமில்லாமல் பேசியது. அதுதான் மக்கள் கருத்தின் பலம்.

இணையத்தில் நிற்கும் தோழர்களுக்கு இப்போ சொல்றேன். போரின் முதல் வாரத்தில் பொய்தான் முதலில் ஓடும். உக்ரைன் போர் தொடங்கினப்போ வீடியோ கேம் காட்சியை நிஜ விமானச் சண்டைன்னு லட்சக்கணக்கில் பகிர்ந்தாங்க. கீவின் பேய்னு ஒரு விமானியைப் பத்திக் கதை கட்டினாங்க. அது கற்பனைன்னு உக்ரைன் விமானப்படையே பிறகு சொன்னது. அதனால், பார்த்த உடனே பகிராதீங்க. எங்கே எடுத்தது, எப்போ எடுத்ததுன்னு கேளுங்க. நம்ம பக்கத்துக்குச் சாதகமான பொய்யும் பொய்தான்.

குண்டு போடுறவன் யாருக்கு நண்பன்னு பார்த்து நம்ம நியாயத்தை மாத்தக் கூடாது. அமெரிக்கா ஈராக்கில் இறங்கினாலும் தப்பு, ரஷ்யா உக்ரைனில் இறங்கினாலும் தப்பு. 2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் போருக்கு எதிராக உலகமே தெருவில் நின்றது. அந்த ஏப்ரலில் நம்ம நாடாளுமன்றமும் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அமெரிக்கா நம்ம படையை அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்டப்போ, ஜூலையில் இந்தியா மறுத்தது. நம்ம பேச்சு நம்ம பிள்ளைகளை ஒரு அநியாயப் போரிலிருந்து காப்பாத்தியது.

உங்க ஊர் நாடாளுமன்ற உறுப்பினரை அடுத்த தடவை பார்க்கிறப்போ, ரோடு, தண்ணி, ரயில் கேட்கிற அதே வாயால், ஐ.நா.வில் நம்ம நாடு எப்படி வாக்களித்தது, ஏன்னு கேளுங்க. நம்ம கட்சிக்காரரா இருந்தாலும் கேளுங்க. இது டெல்லிக்காரங்க விவகாரம்னு ஒதுங்காதீங்க.

இந்த மதிலில் அன்னைக்குத் தாள் ஒட்டியவர் யாருன்னு வரலாற்றுக்குத் தெரியாது. பசையும் காகிதமும்தான் அவர் ஆயுதம். நம்ம கையில் அதைவிடப் பெரிய கருவி இருக்கு. அதை உண்மைக்குப் பயன்படுத்துவோம், தாக்கப்பட்டவன் பக்கம் நின்று பயன்படுத்துவோம்.

மருதிருவர் புகழ் ஓங்குக!

#ஜம்புத்தீவுப்பிரகடனம் #மருதிருவர் #திருவரங்கம் #திருச்சி