கனரக வண்டிக்கு ஏற்ற சக்கரம் எது?

(தோட்ட லோரி, டிராக்டர் ஓட்டுநர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

டயருக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகளுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-ஆம் ஆண்டில் டன்லப் என்பார் காற்றடைத்த டயரை அறிமுகப்படுத்தினார். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றோடொன்று இணைந்தபோது, நம் பாட்டனாரும் பாட்டியாரும் விடியற்காலையில் வெட்டிய பால் உலகெங்கும் உருண்டோடும் சக்கரமாயிற்று. இன்றைக்கும் பெரும் பாரம் சுமக்கும் லோரி டயர்களில் இயற்கை ரப்பர் மிகுதியாகச் சேர்க்கப்படுகின்றது. பாரத்தால் நசுங்கி நிமிரும்போது அதில் எழும் வெப்பம் குறைவு என்பதே அதற்குக் காரணம். ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கின்றது. அக்குலைகளை ஆலைக்குக் கொண்டு செல்வதும் அதே டயர்தான். ஆயினும், எந்த வண்டிக்கு எந்த அளவுச் சக்கரம் பொருந்தும் என்பதை நம்மில் பலர் முறையாக ஆராய்வதில்லை.

போருக்குப் பின் இராணுவம் கழித்துவிட்ட லோரிகளைத் திருத்தி, காட்டு மரங்களை இழுத்து வந்த 'சான் தாய் வோங்' வண்டிகளை இந்நாட்டில் அறியாதார் இலர். அவற்றின் பெரிய சக்கரங்களைக் கண்டு வியந்த நம்மவர் சிலர், சேற்றில் வண்டி புதைந்தவுடனே, "இன்னும் பெரிய டயர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கூறுவர். அக்கூற்றில் உண்மையும் உண்டு, பிழையும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காண்பதே இன்றைய உரையின் நோக்கம்.

எண்கள் கூறும் செய்தி

டயரின் பக்கச் சுவரில் 10.00-20 என்று பொறித்திருந்தால், முதல் எண் டயரின் அகலத்தையும் இரண்டாவது எண் ரிம்மின் விட்டத்தையும் அங்குலக் கணக்கில் குறிக்கும். நடுவில் சிறு கோடு இருப்பின் அது குறுக்கிழை டயர். கோட்டிற்குப் பதிலாக 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்து இருப்பின் அது ரேடியல் டயர். புதிய முறையில் 395/85ஆர்20 என்று எழுதுவர். இதில் அகலம் 395 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 85 பங்கு, அதாவது ஏறத்தாழ 336 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரு சுவர்களைச் சேர்த்தால் 672. அதனுடன் 20 அங்குல ரிம்முக்கு உரிய 508-ஐக் கூட்டினால், டயரின் முழு விட்டம் 1180 மில்லிமீட்டர் என்று தெரிய வருகின்றது. கூட்டலும் பெருக்கலும் அறிந்த எவரும் இக்கணக்கைப் போட்டுவிடலாம்.

இதனை அடுத்து வருவது சுமை எண். 146/143 என்றிருந்தால், ஒற்றையாகப் பூட்டும்போது ஒரு டயர் 3000 கிலோவும், இரட்டையாகப் பூட்டும்போது ஒவ்வொன்றும் 2725 கிலோவும் தாங்கும் என்பது பொருள். அதனை ஒட்டி நிற்கும் எழுத்து வேக எல்லையைக் குறிக்கும். 'கே' என்றால் மணிக்கு 110 கிலோமீட்டர். 'ஜி' என்றால் 90 கிலோமீட்டர். விலையைக் கேட்பதற்கு முன் இவ்வெண்களைப் படிப்பதே அறிவுடைமையாகும்.

நிலத்தின்மீது விழும் அழுத்தம்

சேற்றில் ஒரு வண்டி புதைவதற்கும் மற்றொன்று மிதந்து செல்வதற்கும் காரணம் என்ன? ஒரு டயர் மண்ணை அழுத்தும் அழுத்தம், அந்த டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒட்டியே பெரும்பாலும் அமைகின்றது. ஒரு டயரின்மீது 3000 கிலோ, அதாவது ஏறத்தாழ 6600 இராத்தல் பாரம் இருப்பதாகக் கொள்வோம். சதுர அங்குலத்திற்கு 100 இராத்தல் காற்று இருப்பின், அந்த டயர் 66 சதுர அங்குல நிலத்தை மட்டுமே தொடும். அலுவலகத்தில் பயன்படும் ஏ4 தாளின் பரப்பு 97 சதுர அங்குலம். அத்தாளினும் சிறிய இடத்தில் 3000 கிலோ பாரம் குத்தி நின்றால், மழையில் ஊறிய மண் எவ்வாறு தாங்கும்? காற்று 50 இராத்தலாக இருப்பின், தொடும் நிலம் 132 சதுர அங்குலமாக விரியும், புதைவதும் குறையும்.

அப்படியானால் இருக்கும் டயரிலேயே காற்றைப் பாதியாக்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அது கூடாது. டயரின் பாரத்தைச் சுமப்பது ரப்பரன்று. உள்ளே அடைபட்ட காற்றேயாகும். காற்றைக் குறைத்தால் சுமக்கும் ஆற்றலும் குறையும். குறைந்த காற்றுடனும் நிறைந்த பாரத்துடனும் தார்ச் சாலையில் விரைந்தால், பக்கச் சுவர் ஓயாது மடங்கி, சூடேறி, முடிவில் வெடிக்கும். பெரிய டயரின் மெய்யான பயன் இங்கேதான் விளங்குகின்றது. அதற்குள் காற்றின் கொள்ளளவு மிகுதியாதலின், அதே பாரத்தைக் குறைந்த அழுத்தத்தில் அது தாங்கவல்லது. எந்த அழுத்தத்தில், எந்த வேகத்தில், எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதற்கு டயர் செய்வோர் வெளியிடும் அட்டவணைகள் உண்டு. அவற்றைக் கேட்டுப் பெற்றுப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தல் நலம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர் செய்த 'டக்' எனப்படும் நீர்-நில வண்டியில், ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே டயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்யப்பட்டிருந்தது. கடற்கரை மணலில் காற்றைக் குறைப்பர். கெட்டித் தரைக்கு வந்ததும் கூட்டுவர். நம் வண்டிகளில் அவ்வசதி இல்லையெனினும், அது கற்பிக்கும் பாடம் நமக்கும் உரியதே. சேற்றுக்காகக் காற்றைக் குறைத்தவர், சாலைக்கு ஏறுமுன் அதனை மீண்டும் நிரப்பியாக வேண்டும். காற்றடிக்கும் கருவியும் அழுத்தமானியும் வண்டியிலேயே இல்லாவிடில், காற்றைக் குறைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுதல் வேண்டும்.

பெரிதாக்கினால் நேர்வன

10.00-20 டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 1050 மில்லிமீட்டர். 12.00-20 டயருக்கு 1125. 14.00-20 டயருக்கு 1250. செய்வோருக்கேற்ப இவ்வளவுகள் சிறிது மாறும். 10.00-ஐக் கழற்றிவிட்டு 14.00-ஐப் பூட்டினால் விட்டம் 200 மில்லிமீட்டர் கூடுகின்றது. ஆனால், அச்சு உயர்வதோ அதில் பாதியாகிய 100 மில்லிமீட்டர் மட்டுமே. இந்நன்மைக்கு நாம் கொடுக்கும் விலையையும் எண்ணிப் பார்ப்போம்.

சக்கரத்தின் விட்டம் நூற்றுக்கு 19 பங்கு கூடுவதால், வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி 71 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இயந்திரம் தரும் இழுவிசை சக்கரத்தின் ஓரத்தில் ஏறத்தாழ 16 பங்கு குறையும். முன்னர் இரண்டாவது கியரில் ஏறிய மேட்டை இனி முதல் கியரில் ஏற வேண்டி வரலாம். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. பிரேக்கின் பிடியும் அதே அளவில், அதாவது 16 பங்கு, குறைந்துவிடும். குலைகளை நிறைய ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கும் வண்டிக்கு இது சிறிய செய்தியன்று. 12.00-20 டயரைப் பூட்டினால் மாற்றம் 7 பங்கு அளவிலேயே நிற்கும். ஆகவே, ஒரு படி உயர்த்துவது பல வண்டிகளுக்குப் பொறுக்கக் கூடியதாக இருக்கலாம்; இரண்டு மூன்று படி தாவுவதாயின், கியர் விகிதத்தையும் பிரேக்கையும் அறிந்த பொறியாளரின் ஒப்புதல் இன்றியமையாதது.

ரிம்மும் உடன் மாற வேண்டும் என்பதை மறத்தலாகாது. 10.00-20 டயருக்கு 7.5 அங்குல அகல ரிம் உரியது, 12.00-20-க்கு 8.5, 14.00-20-க்கு 10. பெரிய டயர் வண்டியின் மட்காட்டிலோ திருப்பு தண்டிலோ உரசுகின்றதா என்பதை, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்பியும், சக்கரமொன்றை மேட்டில் ஏற்றியும் பார்த்தறிதல் வேண்டும். எல்லாச் சக்கரங்களும் இழுக்கும் வண்டியாயின், முன்னும் பின்னும் ஒரே விட்டமுள்ள டயர்களையே பூட்ட வேண்டும். தவறினால் கியர்ப் பெட்டிகள் ஒன்றையொன்று முறுக்கி உடைந்துபோகும். கைவசம் வைக்கும் மாற்றுச் சக்கரமும் அதே அளவினதாதல் வேண்டும். பொதுச் சாலையில் ஓடும் வண்டியின் அமைப்பை மாற்றுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் கேட்டறிதலும் நம் கடமை.

இரட்டையா, ஒற்றையா?

பின்னச்சில் பக்கத்துக்கு இரண்டாகப் பூட்டும் இரட்டைச் சக்கரம் கெட்டிச் சாலைக்கு மிக ஏற்றது. மிகுந்த பாரம் தாங்கும். ஒன்று பழுதாயினும் மற்றது வண்டியைச் சாய்ந்துவிடாமல் சிறிது தாங்கிப் பிடிக்கும். ஆனால், செம்மண் பாதையில் இரு டயர்களுக்கும் இடையே கற்கள் சிக்கிப் பக்கச் சுவரைக் கிழிக்கும், சேறு அடைத்துக்கொள்ளும். மேலும், முன்சக்கரம் அமுக்கிச் சென்ற தடத்தில் ஒற்றைப் பின்சக்கரம் எளிதாகப் பின்தொடரும். இரட்டைச் சக்கரமோ புதிதாக வேறொரு தடத்தையும் அமுக்க வேண்டியிருக்கும். ஆதலால், நாள் முழுதும் சேற்றிலும் மணலிலும் உழலும் வண்டிக்கு அகன்ற ஒற்றை டயரும், பெரும்பகுதி தார்ச் சாலையில் ஓடி ஆலைக்குச் செல்லும் வண்டிக்கு இரட்டை டயரும் பொருந்தும் எனலாம். ஒற்றை டயரைத் தேர்ந்தெடுப்போர், அதன் சுமை எண் அச்சின் பாரத்திற்குப் போதுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இரட்டை டயர்களைப் பூட்டுவோர், இரண்டும் ஒரே விட்டமும் ஒரே காற்றும் உடையனவா என்பதைப் பார்க்க வேண்டும். விட்டம் பெரியது பாரம் முழுவதையும் தானே சுமந்து விரைவில் அழியும். அகன்ற டயர்களை இரட்டையாகப் பூட்டும்போது சுவரோடு சுவர் உரசாத இடைவெளியும் தேவை.

உயிருக்கு உலை வைக்கும் வளையம்

நண்பர்களே! இதுகாறும் கூறியவை வண்டியைப் பற்றியன. இனிக் கூறுவது உங்கள் உயிரைப் பற்றியது.

20 அங்குல ரிம்களில் பல, தனித் துண்டுகளாகச் செய்யப்பெற்று, பூட்டு வளையத்தால் இறுக்கப்படுவன. துருப்பிடித்த வளையமோ, வேறொரு ரிம்முக்கு உரிய வளையமோ சரியாக அமராதபோது காற்றடித்தால், அது பீரங்கிக் குண்டுபோல் தெறிக்கும். எதிரே நிற்பவர் தப்புவது அரிது. ஆகவே, சக்கரத்தின் நட்டுகளில் கைவைக்குமுன் காற்று முழுவதையும் இறக்கி, வால்வின் ஊசியையும் கழற்றிவிட வேண்டும்; இரட்டைச் சக்கரமாயின் இரண்டிலும் இறக்க வேண்டும். காற்றடிப்பதை இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீண்ட குழாயைப் பொருத்தி, விலகி நின்றே செய்ய வேண்டும். காற்றுள்ள நிலையில் வளையத்தைச் சுத்தியலால் தட்டலாகாது. டயர் பூட்டியிருக்கும் ரிம்மில் பற்றவைப்பு வேலை எக்காரணம் பற்றியும் செய்யலாகாது. வெவ்வேறு ரிம்களின் துண்டுகளைக் கலந்து பொருத்தலாகாது.

புதிதாக ரிம் வாங்கும் நிலை வரின், 22.5 அங்குல டியூப் இல்லாத வகையை எண்ணிப் பார்க்கலாம். அது ஒரே துண்டாக அமைந்தது. பூட்டு வளையமே அதற்கில்லை. 10.00ஆர்20 டயருக்கு ஏறத்தாழ ஒத்த விட்டமுள்ளது 11ஆர்22.5 டயராகும்.

"மேலாளர் அவசரம் என்கிறார், குலைகள் கெட்டுவிடும், நாங்கள் என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்வியே. வெட்டிய குலைகள் 24 மணி நேரத்திற்குள் ஆலையைச் சேர வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குன்றும் என்பதை நாமும் அறிவோம். ஆயினும், 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பாதுகாப்பான கருவிகளையும் பயிற்சியையும் வழங்கும் கடமையை முதலாளியின்மீது சுமத்தியுள்ளது. 2022-ஆம் ஆண்டில் நிறைவேறி, 2024 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம், மற்றொன்றையும் சேர்த்தது. உடனடி ஆபத்து உண்டென்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதனை நீக்க நடவடிக்கை எடுக்காவிடில், அவ்விடத்தைவிட்டு விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. கூண்டில்லாத பட்டறையில் துருப்பிடித்த வளையத்திற்குக் காற்றடிக்கச் சொன்னால், முதலில் பணிவாகவும் தெளிவாகவும் ஆபத்தை எடுத்துக் கூறுங்கள். கூறியும் பயனில்லையாயின், இவ்வுரிமையை நினைவிற் கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுக்கும் முறை

முடிவாக, சக்கரம் தேர்ந்தெடுக்கும் வரிசையைத் தொகுத்துக் கூறுகின்றோம். முதலில், பாரம் ஏற்றிய வண்டியை எடைமேடையில் நிறுத்தி, ஒவ்வோர் அச்சின் பாரத்தையும் அறிக. இரண்டாவதாக, வண்டி நாள்தோறும் ஓடும் தொலைவில் சேறு எத்தனை பங்கு, சாலை எத்தனை பங்கு என்று கணக்கிடுக. மூன்றாவதாக, அட்டவணையைப் பார்த்து, அந்தப் பாரத்தைத் தாங்கும் டயர்களைக் குறித்துக்கொள்க. நான்காவதாக, அவற்றுள் வண்டியின் கியருக்கும் பிரேக்குக்கும் ஏற்ற விட்டமுள்ளதைத் தெரிந்தெடுக்க. ஐந்தாவதாக, அதற்குரிய ரிம்மும் இடைவெளியும் உண்டா என்று அளந்து பார்க்க. விலையைப் பற்றிய பேச்சு இவை யாவும் முடிந்த பின்னரே வருதல் வேண்டும்.

ஏற்ற சக்கரம் பூட்டிய பின்னும் அளவுக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்றினால் பயனில்லை. மழைக் காலத்தில் பாரத்தைச் சற்றுக் குறைத்து ஒரு நடை கூடுதலாகச் செல்வது, வண்டி புதைந்து அரைநாள் கிடப்பதினும் சிக்கனமானது. பாதையோரக் கால்வாயைத் தூர்வாரி நீர் தேங்காமல் காத்தல், எந்த விலையுயர்ந்த டயரும் செய்ய இயலாத உதவியைச் செய்யும்.

இங்கு அமர்ந்துள்ள இளைஞர்கள் இக்கணக்குகளைக் கற்றுத் தேர்ந்து, பட்டறைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் அச்சுப் பாரம், டயர் அளவு, காற்றழுத்தம் ஆகிய மூன்றையும் ஓர் ஏட்டில் பதிந்து வருவார்களாயின், அந்த ஏடே நாளை மேலாளரிடம் பேசும்போது அவர்கட்குத் துணை நிற்கும். காலையில் புறப்படும் ஓட்டுநர் ஒவ்வொருவரும் மாலையில் நலமாக இல்லம் திரும்புவார்களாக.