தங்கவயலுக்கு மறுவாழ்வு யாருக்காக?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டியில் உட்கார இடம் கிடைக்காது. கோலார் தங்கவயலின் பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். ரயில்வே கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் நாம்தான் அவர்களுக்கு மாதாமாதம் சீசன் டிக்கட் கொடுக்கிறோம். 1894இல் அந்தக் கிளைப்பாதை போடப்பட்டது சுரங்கத்துக்காக. இன்று அதே பாதை, வேலையில்லாத ஊரிலிருந்து ஆளை வெளியே ஏற்றிச் செல்கிறது.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு, வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மார் அங்கே போனார்கள். பெரும்பாலோர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள். 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் பெங்களூருக்கு முன்பே சுரங்கத்துக்கு வந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில், வெந்து புழுங்கும் சூட்டில், பாறை வெடிப்புக்கு நடுவே வேலை செய்தார்கள். கைரேகை பதியச் சொன்னபோது 1930இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். சுமார் 800 டன் தங்கம் வெளியே வந்தது. எடுத்தவன் நெஞ்சில் தங்கியது பாறைத்தூசி.

1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கத்தை ஏற்றன. 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். பம்புகள் நின்றன, குழிகளில் தண்ணீர் ஏறியது.

இப்போது மீண்டும் தங்கவயல் பேசப்படுகிறது. தங்கம் பிரித்த பின் கொட்டிய சயனைடு மண், மலை மலையாக நிற்கிறது; சுமார் 3.3 கோடி டன். அதில் மிச்சம் தங்கம் இருக்கிறது. 13 மேடுகள் உள்ள 1,003 ஏக்கரில் அதை எடுக்க, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

நாம் இதை எதிர்க்கவில்லை. வேலை வரட்டும். ஆனால் ஒன்று கேட்கிறோம்: மண்ணைக் கிளறும்போது லாபம் ஒரு பக்கமும் தூசி இன்னொரு பக்கமும் போகுமா? காற்று அடித்தால் அந்த மண் இன்றைக்கே சோற்றில் விழுகிறது.

முதலாவது, மண்வெட்டி விழுமுன் காற்றையும் நிலத்தடி நீரையும் சோதித்து, முடிவை ஊர் அறியச் சொல்ல வேண்டும். இரண்டாவது, லைன் வீடுகளில் தலைமுறையாகக் குடியிருப்போருக்குச் சொந்த உரிமை வேண்டும். மூன்றாவது, பழைய தொழிலாளர்களுக்கு நெஞ்சுப் பரிசோதனையும் சிகிச்சையும் வேண்டும். நான்காவது, வேலையில் உள்ளூர் ஆண் பெண்ணுக்கு முதலிடம். வருமானத்தில் ஊருக்குப் பங்கு.

ஐந்தாவதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறார்கள். ஒரு சுரங்க வாயையும் அதன் இரும்புக் கோபுரத்தையும் காட்சிசாலையாக வையுங்கள் என்கிறோம். ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது, அரசு காப்பாற்றியது, 2001இல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். நம் தங்கவயல் என்ன குறைச்சல்? 1965இல் காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை விஞ்ஞானிகள் கண்டறிந்தது இந்த ஆழத்தில்தானே? பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கட்டும். வழிகாட்டி வேலைக்குப் பழைய தொழிலாளியைவிடத் தகுதியானவர் யார்?

இது தமிழர் பிரச்சினை மட்டுமல்ல. கன்னடம், தெலுங்கு, உருது பேசுவோரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து கேட்டால்தான் காது கொடுப்பார்கள்.

தோழர்களே, அடுத்த ஞாயிறு வரும்போது அப்பாவின் சர்வீஸ் புத்தகம், வீட்டு ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். நாம் பட்டியல் எழுதுவோம். ஏலம் விடுகிறவர்கள் கணக்கோடு வருவார்கள். நாமும் கணக்கோடு போவோம்.